1993 ஒக்டோபர் 23 இரவுக்கு உதவியவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

இந்தக் கடிதம் 32 ஆண்டுகள் பிந்தி வருகிறது. உங்களில் சிலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் பெயரையும் அவர்களைக் கேட்காமல் இங்கே எழுத மனம் வரவில்லை. வாசித்தால் நீங்கள் யாரென்று உங்களுக்கே விளங்கும்.

2025 நவம்பர் 1ஆம் திகதி இரவு, பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி 11 இன்னிங்ஸ் வரை இழுத்துப்போய் டொட்ஜர்ஸிடம் 5–4 என்று தோற்றது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகள் ரெலிவிஷனை நிறுத்திவிட்டு, "அப்பா, நீங்கள் நேரே போய்ப் பார்த்த ஆட்டத்தைச் சொல்லுங்கோ" என்றாள். ஒரு மணித்தியாலம் சொன்னேன். அதில் ஜேஸின் ஆட்டக்காரர் ஜோ கார்ட்டர் வந்தது கடைசி ஐந்து நிமிடம்தான். மற்றதெல்லாம் நீங்கள். "இவையளுக்கு நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நியூஃபவுண்ட்லாந்துக்காரரான சமையல்காரருக்கு.

1991இல் நான் கனடாவுக்கு வந்து, நகரத்தின் நடுவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். நீங்கள் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தீர்கள். 1992 யூலையில் உங்கள் ஊரில் கொட் மீன்பிடிக்கு அரசாங்கம் தடை போட்டதும் வள்ளத்தை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். நானும் கடற்கரையை விட்டு வந்தவன் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு கதைக்கும்போது மெதுவாகக் கதைக்கத் தொடங்கினீர்கள். குசினியில் வேறு ஒருவரும் அப்படிச் செய்யவில்லை.

அடுப்புக்கு மேல் தட்டில் உங்கள் வானொலி இருக்கும். மாலை ஏழு மணிக்குப் பிறகு அதில் பேஸ்போல் மட்டும்தான். எனக்கு ஆட்டம் விளங்காது, ஆனால் வர்ணனையாளர் ரொம் சீக்கின் குரல் பிடித்தது. அவர் அவசரப்பட மாட்டார். ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் ஆங்கில எண்களைக் காதால் பிடிக்கப் பழகினேன். 1992 ஒக்டோபர் 24 அன்று, அட்லான்ராவில் பதினொராவது இன்னிங்ஸில் டேவ் வின்ஃபீல்ட் அடித்த அடியால் ஜேஸ் முதல்முறை உலகத் தொடரை வென்றதையும் அந்தக் குசினியில்தான் கேட்டேன். நீங்கள் அகப்பையால் சட்டியில் தட்டிய சத்தம் இப்போதும் காதில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவோடு நடந்த உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கு உங்களிடம் ஒரு ரிக்கற் இருந்தது. அந்தக் கிழமை உங்கள் அம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸுக்குப் புறப்பட முன்னர், என் ஈரக் கையைத் துவாயால் துடைத்துவிட்டு ரிக்கற்றை உள்ளங்கையில் வைத்தீர்கள். வெளியே விற்றிருந்தால் விமானக் காசு அப்படியே வந்திருக்கும். "கோடை முழுவதும் ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன என்று கேட்டவன் நீ ஒருவன்தான்" என்றீர்கள். அந்த நேரத்தில் நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. ரிக்கற் நனைந்துவிடுமோ என்ற பயம்தான் இருந்தது.

அப்புறம் அண்ணைக்கு.

வெலஸ்லி–பார்லிமென்ற் அடுக்குமாடியில் அப்போது ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஆட்டம் சனிக்கிழமை இரவு. உணவகத்தில் கோப்பைகள் மலைபோலக் குவிகிற இரவு அது. வேலையை யாராவது மாறிச் செய்யாவிட்டால் நான் போக முடியாது. நீங்கள் தொழிற்சாலையில் விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். நான் கேட்கவும் இல்லை. ரிக்கற்றை மேசையில் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேணும்?" என்றீர்கள். பிறகு, குளிரும் என்று உங்கள் நீல ஜக்கெற்றையும் கழற்றித் தந்தீர்கள். உங்களுக்கு பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அன்று இரவு ஒரு மணி வரை எனக்காக நின்று கழுவினீர்கள். அந்த இரவுச் சம்பளத்தைக் கையில் தந்தபோது வாங்க மறுத்ததையும் நான் மறக்கவில்லை, அண்ணை.

இனி, ஆட்டம் நடந்த ஸ்கைடோம் மைதானத்தின் மேல்தட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த வயதான தம்பதிக்கு. அதிகம் எழுத வேண்டியது உங்களுக்குத்தான்.

அன்று அங்கே 52,195 பேர் இருந்தோம். அவ்வளவு சனத்தை நான் அதற்கு முன் கண்டது நல்லூர்த் திருவிழாவில் மட்டும்தான். 1989இல் திறந்த கட்டடம் அது, கூரையே ஓடித் திறக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். படியேறும்போது கால் கூசியது. அம்மா, உங்கள் மடியில் ஒரு நீட்டுப் புத்தகம், கையில் பென்சில். ஒவ்வொரு பற்றருக்கும் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு சாய்சதுரம். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தீர்கள்.

கிறிக்கெற்றில் வளர்ந்தவனுக்கு முதல் குழப்பம் ஃபவுல். எங்கள் ஆட்டத்தில் பந்து மட்டையில் பட்டுப் பின்னால் போனாலும் ஓடலாம். இங்கே இரண்டு கோடுகளுக்கு நடுவில் அடித்தால்தான் கணக்கு. மூன்று ஸ்ரைக் என்றால் ஆள் அவுற், நாலு போல் என்றால் நடந்தே முதலாம் பேஸ், மூன்று அவுற் என்றால் அணியின் முறை முடிந்தது என்று ஐயா விரலை மடக்கி மடக்கிச் சொல்லித் தந்தீர்கள். ஆடுகளத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, பந்தை எறிகிற பிற்சர் ஒன்று, அதைப் பிடிக்கிற கற்சர் இரண்டு என்று போகும். 6–3 என்று அம்மா எழுதினால் ஆறாம் எண்காரர் பந்தை எடுத்து முதலாம் பேஸில் நிற்கும் மூன்றாம் எண்காரருக்கு எறிந்து ஆளை வெளியேற்றினார் என்று அர்த்தம். ஆள் நாலு பேஸையும் சுற்றி வந்து ஓட்டம் எடுத்தால் சாய்சதுரத்தை நிரப்ப வேண்டும். இரண்டாவது இன்னிங்ஸ் முடிய நான் அந்தக் கட்டங்களை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். அந்த நாட்டில் நான் தட்டுத்தடுமாறாமல் வாசித்த முதல் எழுத்து அதுதான்.

முதல் இன்னிங்ஸிலேயே ஜேஸ் மூன்று ஓட்டம் எடுத்தது. ஐந்தாவதில் போல் மொலிட்டர் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பி ஒரு ஹோம்றன் அடிக்க 5–1. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. ஐயா மட்டும் கையைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் உங்கள் கதை வந்தது.

1977 ஏப்ரல் 7, ஜேஸின் முதலாவது ஆட்டம். ஏரிக்கரையில் இருந்த எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்தில், பனி கொட்டக் கொட்ட நீங்கள் இருவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்த்தீர்களாம். ஐஸ் ஹொக்கி மைதானத்தில் ஓடுகிற சம்போனி வண்டியைக் கொண்டுவந்து பனியை வழித்தார்களாம். டக் ஓல்ட் இரண்டு ஹோம்றன் அடிக்க, சிக்காகோவை 9–5 என்று வென்றது. அதைச் சொல்லும்போது அம்மா பென்சிலை வைத்துவிட்டுக் கையால் பனி விழுவதைக் காட்டினீர்கள். பிறகு 1985. கன்சாஸ் சிற்றியோடு நடந்த ஏழு ஆட்டத் தொடரில் 3–1 என்று முன்னுக்கு நின்று, மிச்ச மூன்று ஆட்டத்தையும் தோற்றது. அந்த ஏழாவது ஆட்டத்திலும் இதே ஏரிக்கரையில் இருந்தீர்கள். 1987இல் கடைசி ஏழு ஆட்டத்தையும் தொடர்ந்து தோற்று முதலிடத்தை டிற்றோயிற்றிடம் விட்டது. "முன்னுக்கு நிற்கும்போதுதான் எனக்குப் பயம்" என்றீர்கள், ஐயா.

ஏழாவது இன்னிங்ஸில் நீங்கள் பயந்தது நடந்தது. ஜேஸின் டேவ் ஸ்ரூவட் எறிந்த பந்தை ஃபிலடெல்ஃபியாவின் லென்னி டைக்ஸ்ட்ரா மூன்று ஓட்டத்துக்கு வெளியே அனுப்பினார். பிறகு பிற்சர்கள் மாறினார்கள், பலன் இல்லை. அந்த ஒரே இன்னிங்ஸில் ஃபிலடெல்ஃபியா ஐந்து ஓட்டம் எடுத்து 6–5 என்று முன்னேறியது. அவ்வளவு சனமும் ஒரே நேரத்தில் அடங்கியது. அம்மா மட்டும் ஒரு கட்டமும் விடாமல், எழுத்து நடுங்காமல், எதிரணியின் ஓட்டங்களையும் அதே அக்கறையோடு நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நானும் இருக்கையில் இருந்தேன். எங்களுக்கு முன் வரிசையில் இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

ஒன்பதாவதில் ஃபிலடெல்ஃபியாவின் மிட்ச் வில்லியம்ஸ் எறிய வந்தார். ரிக்கி ஹென்டர்சனுக்கு நாலு பந்தும் போல், நடந்தே முதலாம் பேஸுக்குப் போனார். டெவன் வைற் அடித்தது உயரப் போய்ப் பிடிபட்டது. ஐயா என் தோளைப் பிடித்து, "பிற்சரின் காலைப் பார்" என்றீர்கள். ஹென்டர்சனைப்போல பேஸ் திருடியவர் பேஸ்போல் சரித்திரத்திலேயே இல்லை, அவர் ஓடிவிடுவார் என்ற பயத்தில் வில்லியம்ஸ் வழக்கம்போலக் காலை உயர்த்தாமல் சட்டென்று எறிகிறார், பழக்கமில்லாத எறி, அவருக்கு வேகம் வராது என்று விளக்கினீர்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கால்தான் தெரிந்தது. மொலிட்டர் நடுவில் ஒன்றை அடித்து முதலாம் பேஸில் நின்றார். இரண்டு பேர் பேஸில். கார்ட்டர் வந்தார். இரண்டு போல், இரண்டு ஸ்ரைக். அடுத்த பந்து தாழ்வாக, உடம்புக்குக் கிட்ட வந்தது.

பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. மட்டைச் சத்தத்தோடு எல்லோரும் எழும்பிவிட்டார்கள், நான் கட்டை. பின்னால் நின்ற ஒரு தடித்த மனிதர், முகம்கூட எனக்குத் தெரியாது, என்னை இடுப்பில் பிடித்து இருக்கைக்கு மேல் தூக்கி வைத்தார். அந்த உயரத்தில் நின்றுதான், முதலாம் பேஸுக்குப் பக்கத்தில் கார்ட்டர் இரண்டு கையையும் தூக்கித் துள்ளித் துள்ளி ஓடியதைக் கண்டேன். என்னைத் தூக்கிவிட்டவரே, உங்களுக்கும் நன்றி. உங்கள் கை இல்லாவிட்டால் ஆட்கள் முதுகைத்தான் பார்த்திருப்பேன். 8–6. உலகத் தொடர் ஒன்று அப்படிக் கடைசிப் பந்து ஹோம்றனில் முடிந்தது, 1960இல் பிற்ஸ்பர்கின் பில் மசரோஸ்கிக்குப் பிறகு அன்றுதான்.

ரொம் சீக் அவர்களுக்கு. அன்று அந்த நேரத்தில் வானொலியில் நீங்கள் சொன்னதை மைதானத்தில் இருந்த நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை குசினியில் மறுபடி போட்டார்கள். எல்லாப் பேஸையும் தொட்டுவிட்டு வா ஜோ, உன் வாழ்நாளில் இதைவிடப் பெரிய ஹோம்றன் அடிக்கப் போவதில்லை என்றீர்கள். அவர் துள்ளுகிற துள்ளலில் ஒரு பேஸை மிதிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற கவலையில் வந்த வார்த்தை அது என்று பின்னர் அறிந்தேன். அந்தக் கவலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலாவது ஆட்டத்திலிருந்து 2004 வரை, ஒன்றையும் தவறவிடாமல் 4,306 ஆட்டங்களுக்குத் தொடர்ந்து குரல் கொடுத்தீர்கள். 2005இல் நீங்கள் போய்விட்டீர்கள். ஒரு நாளாவது கடிதம் போட்டிருக்கலாம்.

யங் தெருவால் வெலஸ்லி வரை நடந்தேன். கார்கள் நகரவில்லை, ஹோர்ன் சத்தம் ஓயவில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள். இந்த நகரத்தில் அதுவரை என்னை ஒருவரும் கட்டிப்பிடித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் போனபோது அண்ணை கோப்பை கழுவிய கையோடு படுத்திருந்தார். எழுப்பாமல் ஜக்கெற்றை அவர் மேல் போர்த்துவிட்டேன். ஊரில் இருந்த என் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விபரமாக எழுதினேன். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மாதக்கணக்கில் கழித்துப் பதில் வந்தது: ராவில் தனியத் திரியாதே, அந்த ஐயாவையும் அம்மாவையும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு குடு.

அதற்கு உங்கள் முகவரி என்னிடம் இல்லை. 2015 ஒக்டோபர் 14 அன்று, அதே கட்டடத்தில், ரெக்சாஸோடு நடந்த ஆட்டத்தின் 53 நிமிடம் நீண்ட ஏழாவது இன்னிங்ஸில் ஜேஸின் பௌற்றிஸ்ரா ஹோம்றன் அடித்து மட்டையை வீசியபோது, மகளோடு இருந்தேன். அன்று மேல்தட்டு வரிசைகளில் நீட்டுப் புத்தகம் வைத்திருக்கிற ஒரு அம்மாவைத் தேடினேன். 1977இலேயே நடுவயதைத் தாண்டியவர்கள் நீங்கள் என்று தெரியும், இருந்தாலும் தேடினேன்.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, நீங்கள் ஹென்டர்சனின் சாய்சதுரத்தை நிரப்பினீர்கள், மொலிட்டருடையதை நிரப்பினீர்கள். பிறகு கண்ணீரில் கட்டம் தெரியாமல், பென்சிலை என்னிடம் நீட்டினீர்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் கார்ட்டரின் கட்டத்தைப் பாருங்கள். மற்றவை எல்லாம் கோட்டுக்குள் அளவாக இருக்கும். அது மட்டும் கோட்டைத் தாண்டி, அழுத்தி, தாள் கிழிகிற அளவுக்குக் கறுத்திருக்கும். அது நான் நிரப்பியது.

என்றும் நன்றியுடன்,
வெலஸ்லியில் கோப்பை கழுவிய பெடியன்