உங்கள் அலமாரியிலேயே இருக்கிறார்கள்: மெக்சிகோவின் அரசுப் பதிப்பகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஃபோந்தோ தே குல்தூரா எகோனோமிகா பதிப்பகத்தின் இயக்குநருக்கும் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் ஸ்பானிஷ் தெரியாத தமிழ் வாசகி. உங்கள் நாட்டு எழுத்தாளர்களைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறேன். இருந்தும் உங்களுக்கு எழுதத் தோன்றியது, நீங்கள் பத்தோடு பதினொன்றான பதிப்பகம் இல்லை என்பதால்தான். 1934இல் தொடங்கிய நிறுவனம், அரசின் பணம், லத்தீன் அமெரிக்கா எங்கும் கிளைகள். நீங்கள் 1955இல் வெளியிட்ட ஹுவான் ருல்ஃபோவின் ‘பெத்ரோ பாராமோ’ தமிழிலும் வந்துவிட்டது. நீங்கள் தூக்கிப் பிடிக்கும் புத்தகம் அவ்வளவு தூரம் போகும்.

2025 அக்டோபரில் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தீர்கள். லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கு 25 லட்சம் புத்தகங்கள், இலவசமாக. இந்தக் காலத்தில் ஓர் அரசு இப்படி நினைப்பதே பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பட்டியலில் இருந்த 27 எழுத்தாளர்களில் பெண்கள் 7 பேர்தான். ஏன் என்று கேட்டபோது, படுமோசமான ஒரு கவிதைத் தொகுப்பை, ஒரு பெண் எழுதினார் என்பதற்காக மட்டும் வாசிப்பு அறைகளுக்கு அனுப்ப முடியாது என்கிற மாதிரி இயக்குநர் பதில் சொன்னார்.

மோசமான கவிதையை யார் அனுப்பச் சொன்னது? பெண் எழுத்து என்றதும் உங்கள் நினைவுக்கு வர வேண்டியது உங்கள் அலமாரியிலேயே இருக்கிறதே!

ருல்ஃபோவின் நாவல் வந்த அதே ‘லெத்ராஸ் மெஹிகானாஸ்’ வரிசையில், இரண்டே ஆண்டுகள் கழித்து, 1957இல் ரோசாரியோ காஸ்தெயானோஸின் ‘பாலுன் கனான்’ நாவலை வெளியிட்டது நீங்கள்தான். சியாபாஸ் மாநிலத்தின் கொமித்தான் ஊர், 1930களின் நிலச் சீர்திருத்தக் காலம், ஒரு பண்ணையார் வீடு. ஏழு வயதுப் பெண் குழந்தை கதை சொல்கிறாள். அவளை வளர்ப்பவள் ஒரு பழங்குடித் தாதி. நாவல் முழுக்க அந்தக் குழந்தைக்குப் பெயரே கிடையாது. சொத்துக்கு வாரிசான தம்பிக்குத்தான் பெயர், மரியோ. அவன் இறந்த பிறகு அவள் ஒரு பென்சிலை எடுத்து, கோணல்மாணலான எழுத்தில், தோட்டத்துச் செங்கல்லிலும் சுவரிலும் நோட்டிலும் அவன் பெயரையே எழுதிக்கொண்டு போகிறாள். ஆண் வாரிசுக்காகத் தவம் கிடந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை. காஸ்தெயானோஸ் பிறந்த நூற்றாண்டு 2025தான். உங்கள் திட்டமும், அந்தப் பதிலும் வந்த அதே ஆண்டு.

அடுத்தது அம்பாரோ தாவிலா. 1959இல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பும் உங்களிடமிருந்தே வந்தது. அதில் ஒரு கதையில் கணவன் எங்கிருந்தோ ஒரு ‘விருந்தாளி’யை வீட்டுக்குக் கூட்டிவருகிறான். அது மனிதனா மிருகமா என்று தாவிலா கடைசிவரை சொல்வதில்லை. மனைவி பயப்படுகிறாள், கணவன் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறான். கடைசியில் மனைவியும் வேலைக்காரப் பெண்ணும் சேர்ந்துதான் ஒரு முடிவு கட்டுகிறார்கள். பயந்து நடுங்கும் பெண் சொல்வதை யாரும் நம்பாத வீட்டைப் பற்றி இதைவிடக் கூர்மையான கதையை நான் படித்ததில்லை. 2002இல் கிறிஸ்டினா ரிவேரா கார்சா ‘அம்பாரோ தாவிலா’ என்ற பெயரிலேயே ஒரு பாத்திரத்தை வைத்து நாவல் எழுதினார். இன்றைய எழுத்தாளர்கள் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ரிவேரா கார்சாவின் தங்கை லிலியானா கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவி. 1990 ஜூலையில் கொல்லப்பட்டார். சந்தேகிக்கப்பட்ட முன்னாள் காதலன் தப்பிவிட்டான். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து அக்கா வழக்குக் கோப்பைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கோப்பு கிடைக்கவில்லை. அதனால் தங்கை விட்டுப்போன கடிதங்களையும் குறிப்பேடுகளையும் நண்பர்களின் நினைவுகளையும் வைத்து ஒரு புத்தகம் எழுதினார். அதன் ஆங்கில வடிவத்துக்கு 2024இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அரசு தொலைத்ததை ஓர் எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் நாட்டில், பெண்கள் எழுதியதைச் சேர்க்கச் சொன்னால் தரம் குறைந்துவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது?

ஃபெர்னாண்டா மெல்சோர், குவாதலூப்பே நெட்டெல், இருவரின் நாவல்களும் சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை வந்தவை. நீங்கள் கைகொடுக்காவிட்டாலும் உலகம் அவர்களைப் படிக்கும். என் கவலை அவர்களுக்கு முன்னால் எழுதியவர்களைப் பற்றி. 1976இல் மெக்சிகோவின் முக்கியமான இலக்கிய விருதான வியாவுருத்தியா பரிசு வாங்கிய தீத்தா வலென்சியாவின் நாவல் எத்தனை காலம் கிடைக்காமல் இருந்தது! மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகம் 2019இல் ‘விந்திக்தாஸ்’ என்று ஒரு வரிசை தொடங்கி அதை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. மெக்சிகோ எழுத்தாளர் எலெனா காரோவுக்கு நடந்தது இன்னும் மோசம். அவருடைய நூற்றாண்டான 2016இல் ஸ்பெயின் பதிப்பகம் ஒன்று அவர் நாவலை மறுபதிப்பு செய்து, அட்டையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை போட்டது. ஒக்தாவியோ பாஸின் மனைவி, பியோய் காஸாரேஸின் காதலி, கார்சியா மார்க்கேஸுக்குத் தூண்டுதல், போர்ஹெஸ் வியந்தவர் என்று நான்கு ஆண் எழுத்தாளர்களின் பெயர்கள். நாவலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பட்டையை எடுத்துவிட்டார்கள். சரி, ஆனால் அப்படி ஒன்றை அச்சுக்கு அனுப்பும்வரை யாருக்கும் உறுத்தவில்லையே.

பெண்களுக்கென்று தனித் தொகுப்பு போடலாம் என்ற பேச்சும் பிறகு வந்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அதோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தனிப் பெட்டியில் வைத்தால் ‘இலக்கியம்’ ஒரு பெட்டி, ‘பெண்கள் இலக்கியம்’ இன்னொரு பெட்டி என்று ஆகிவிடும். முதல் பெட்டியைத் திறக்கும் பையன் இரண்டாவதைத் தொடவே மாட்டான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த இலவசப் பதிப்புக்குப் பட்டியல் போடும்போது தேர்வுக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். குழுவில் யார் யார், எந்தெந்த நூல்கள் பரிசீலனைக்கு வந்தன என்பதை வெளியிடுங்கள். காஸ்தெயானோஸையும் தாவிலாவையும் காரோவையும் ருல்ஃபோ இருக்கும் அதே பெட்டியில், அதே அளவு பிரதிகளில், கொமித்தானின் வாசிப்பு அறைக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகி