அண்ணா, அப்பாவோட டாலிய மட்டும் குடுத்துடாதீங்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்க எழுதுன கடிதத்த அண்ணி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க, ராத்திரி பெரிசு பண்ணி பெரிசு பண்ணி ஒவ்வொரு வரியா படிச்சேன். ஷெட் விஷயம், அப்பா காது, தங்கச்சிக்கு வந்திருக்கற வரன் எல்லாத்துக்கும் பதில் சொல்றேன், அதுக்கு முன்னாடி என்னப் பத்தி கேட்டிருந்தீங்கல்ல. நான் நல்லா இருக்கேன். கம்பெனில இப்போ ஓவர்டைம் குடுக்கறதில்ல, அதனால சாயங்காலம் சீக்கிரமே வந்துடறேன், உடம்புக்கும் ரெஸ்ட்தான். கூட இருந்த பையன் வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டான், இப்போ வீடு முழுக்க எனக்கே, தாராளமா இருக்கு. குளிரு மட்டும் அம்மா நெனைக்கறத விட ஜாஸ்தி, விஸ்கான்சின்ல இந்த மாசம் ராத்திரில மைனஸ் 20 வரைக்கும் போயிடுது, காலைல கார் கதவு ஒட்டிக்கிட்டு தொறக்கவே மாட்டேங்குது. ஸ்வெட்டர் இருக்கு, அம்மாகிட்ட சொல்லுங்க.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஞாபகம் இருக்கா, வீடியோ கால்ல உங்க சின்னவனுக்குக் கை ஆட்டுனாரே வெள்ளத் தாடிக்காரர், அவர் வீட்டு கார் ஷெட்ல ஏரோபிளேன் கட்டிக்கிட்டு இருக்கார் அண்ணா. நெஜ பிளேன், ரெண்டு பேர் உக்காந்து போற மாதிரி. கார் வெளிய பனில நிக்குது, உள்ள பிளேன் உடம்பு. வால் பகுதி படுக்கையறைல, ரெக்கை ரெண்டும் செவுத்தோரம் ஸ்டாண்ட்ல. மனுசன் அதிகம் பேச மாட்டார். வேல இருந்தா என் கதவத் தட்டி, காதுல மாட்டற மஃப் ஒண்ண நீட்டுவார், அவ்வளவுதான் கூப்பாடு. ரிவெட், அதான் தகட்டையும் தகட்டையும் சேக்கற ஆணி, அத அடிக்க ஆள் வேணும்னு அர்த்தம். ஒரு தடவ உங்க அப்பாவுக்கு என்ன தொழில்னு கேட்டார், பஸ் பாடி கட்டறவர்னு சொன்னேன், அன்னைலேர்ந்து நான்தான் அவருக்கு டாலி, அதான் ரிவெட் அடிக்கறப்போ பின்னாடி அண்டக் குடுக்கற கனமான கட்ட, பிடிக்கற ஆளு.

அண்ணி பயப்பட வேணாம், இங்க வீட்ல பிளேன் கட்டறது சட்டப்படி சரியான விஷயம்தான். பாகமெல்லாம் கிட்டா பெட்டி பெட்டியா வரும், தகடு வெட்டி ஓட்டை கூட போட்டே வரும், ஆனா வேலைல பாதிக்கு மேல, 51 சதவீதம்னு சொல்லுவாங்க, தொழிலுக்காக இல்லாம சொந்த ஆசைக்காகக் கட்டறவங்க கைல நடந்திருக்கணும்னு எஃப்ஏஏ, அதான் இங்கத்த விமானத் துறை, ரூல் வச்சிருக்கு. அதுக்காக ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து நோட்ல எழுதி வைக்கறார். முடிஞ்சதும் இன்ஸ்பெக்டர் வந்து பாப்பார், அப்புறமும் வழக்கமா 25 இல்லன்னா 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள்ளயே ஓட்டி சோதிக்கணும், அது வரைக்கும் சும்மா கூட ஆள ஏத்திக்கிட்டுப் போக முடியாது. இதே விஸ்கான்சின்ல ஆஷ்காஷ்னு ஒரு ஊர்ல, 1970லேர்ந்து, கொரோனா வந்த 2020 தவிர, வருஷா வருஷம் இந்த மாதிரி பிளேன் கட்டறவங்க கூடற பெரிய மேளா நடக்குது, ஜூலை கடைசில. அங்க இந்த பிளேன இறக்கணும், அதான் அவர் ஆசை.

அப்பாகிட்ட இத விவரமா படிச்சுக் காட்டுங்க, கொஞ்சம் சத்தமா. முக்கா மில்லி கூட இல்லாத அலுமினியத் தகடு, செம்பு கலந்த உறுதியான கலவை, மேல துரு பிடிக்காம சுத்த அலுமினியப் பூச்சு. அதனால கீறல் விழவே கூடாது, பென்சில்ல கூட தகட்டுல கோடு போட விட மாட்டார், மார்க்கர்தான். ரிவெட் 1/8 இஞ்ச்னா அடிச்சப்புறம் பின்பக்க தலை அதுல ஒன்றரை மடங்கு அகலம், பாதி அளவு உயரம் இருக்கணும், அதுக்குன்னு ஒரு கேஜ் வச்சிருக்கார், ஒவ்வொண்ணுக்கும் வச்சுப் பாப்பார். தலை ஒரு பக்கமா சாஞ்சா டாலி சாஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்பா நம்மள முறைப்பாரே அதே விஷயம். சரியில்லாதத எடுக்கணும்னா தலைக்கு நடுவுல ட்ரில் வச்சு, தலை ஆழத்துக்கு மட்டும் எறக்கி, பஞ்ச்ச சொருகி நெம்பி தலைய ஒடச்சுட்டு, பின்னாடி மரக்கட்ட அண்டக் குடுத்து தண்ட தட்டி வெளிய எடுக்கறது. இதுல ட்ரில் வழுக்கி ஓட்டை பெரிசாயிட்டா அடுத்த சைஸ் ரிவெட்டுக்குப் போகணும், அப்போ ஓட்டையோட மையத்துலேர்ந்து தகட்டு ஓரம் வரைக்கும் ரிவெட் விட்டத்துல ரெண்டு மடங்கு இடமாவது மிச்சம் இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா ஓரம் பிளந்துக்கும். அதனால லேசா கோணின ரிவெட்ட அவர் அப்படியே விட்டுடுவார், எடுக்கப் போய் நல்ல ஓட்டைய கெடுக்கறத விட அது மேல்னு. எனக்கும் அதான் சரின்னு படுது.

ரொம்ப நேரம் மண்டைய ஒடச்சது ரெக்கை ரிப்புங்கதான், ரெக்கைக்குள்ள விலா எலும்பு மாதிரி நிக்கற தகடுங்க. ரிப்ப பிரஸ்ல அடிச்சு ஓரத்த மடிக்கறப்போ ரிப்பே லேசா வில்லு மாதிரி வளஞ்சுடுது, தகட்ட மேல வச்சா இந்தக் கோடில ஓட்டை சேருது, அந்தக் கோடில அரை ஓட்டை தள்ளி நிக்குது. புதுசா பாக்கறவங்க ட்ரில்ல எடுத்து ஓட்டைய இழுத்துடுவாங்க, அது கூடவே கூடாது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஓரத்த ஒரு தனி குறடால லேசா நெளிச்சு விடணும், தையல்காரர் துணில சுருக்கு பிடிச்சு நீளத்தக் கொறைக்கற மாதிரி ஓரம் கொஞ்சம் குறுகும், ரிப் நேராயிடும், ஓட்டை எல்லாம் தானா வந்து உக்காரும். அவர் நெளிச்சுக் குடுக்க குடுக்க நான் சமதளமான மேஜைல வச்சு வெளிச்சம் பாத்துக்கிட்டே இருந்தேன். தகட்ட வச்சு ஸ்ப்ரிங் கிளெக்கோவால, அதான் ரிவெட் அடிக்கற வரைக்கும் ஓட்டைல மாட்டிப் பிடிக்கற கிளிப், நெடுக பிடிச்சப்போ ஒரு ஓட்டைக்குக் கூட ட்ரில் தேவைப்படல அண்ணா, எனக்கு சந்தோஷம் தாங்கல. ரிவெட் அடிக்கறதுக்கு முன்னாடி ரெக்கை முறுக்கிக்கிட்டு இருக்கான்னு ரெண்டு முனைலயும் தூக்குநூல் கட்டிப் பாத்தோம், ஏன்னா ரிவெட் அடிச்சுட்டா முறுக்கு நிரந்தரம், அப்புறம் வாழ்நாள் பூரா பிளேன் ஒரு பக்கமா சாயும்.

பெட்ரோல் டேங்க் ரெக்கைக்குள்ளயே வருது. கறுப்பா, நாத்தம் பிடிச்ச ஒரு சீலண்ட் தடவி மூடி, லீக் இருக்கான்னு பாக்க காத்தடிச்சு வாய்ல பலூன் மாட்டி வைக்கறாங்க. பலூன் ராத்திரி சுருங்கிப் போச்சு, பெரியவர் முகமே வாடிடுச்சு. எனக்கு சந்தேகம், ராத்திரி ஹீட்டர அணைச்சுட்டோமே, குளிருல காத்து சுருங்கும்ல. காலைல ஹீட்டர் போட்டு ஷெட் சூடானதும் பலூன் மறுபடி எழும்புச்சு, ஆனா முழுசா எழும்பல, அப்போ சின்ன லீக்கும் இருக்கு. சோப்புத் தண்ணி தடவித் தடவிப் பாத்து மூடி ஸ்க்ரூ ஒண்ணுல குமிழி வர்றத கண்டுபிடிச்சோம். கழட்டி சுத்தம் பண்ணி திரும்ப சீல் பண்ணாச்சு, இந்தக் குளிருல அது காயறதே பெரும்பாடு. மேல வர்ற கண்ணாடி மூடிய மட்டும் கோடை வரைக்கும் தொட வேணாம்னு வச்சிருக்கார், அது அக்ரிலிக், குளிருல வெட்டுனாலோ ஓட்டை போட்டாலோ விரிசல் ஓடிடும்.

ரிவெட் கன் சத்தம் நிக்கறப்போ ஷெட்ல ஒரு மெட்டல் வாசன வரும் அண்ணா, வெட்டுன அலுமினியமும் எண்ணெயும் கலந்து. கண்ண மூடுனா அப்பா சட்ட வாசன. ஸ்கூல் விட்டு வந்து நான் உள்ள உக்காந்து டாலி பிடிப்பேன், நீங்க வெளிய அடிப்பீங்க, அப்பா ரெண்டு தட்டு தட்டுனா சரி, மூணுன்னா இன்னொரு அடி. பெரியவருக்கும் எனக்கும் இப்போ அதே கணக்குதான், நான் சொல்லிக் குடுத்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து லைட் போடாம ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். வர ஆசையாத்தான் இருக்கு. இந்த வருஷம் லீவு கிடைக்கறது கஷ்டம்.

சரி, நம்ம அப்பா ஷெட் விஷயம். பர்னிச்சர்காரர் குடோனுக்குக் கேக்கறார்னா வாடகைக்கு விடுங்க, தப்பில்ல, சும்மா பூட்டிக் கிடக்கறதுக்கு அதுவாவது வரட்டும். ஆனா 11 மாச அக்ரிமெண்ட் மட்டும் போடுங்க, அட்வான்ஸ கைல வாங்காம பேங்க்ல போடச் சொல்லுங்க. பழைய சாமானெல்லாம் எடைக்குப் போட்டுடலாம்னு மாமா சொன்னதா எழுதியிருந்தீங்க, பெஞ்ச், வெல்டிங் செட் எதுனாலும் உங்க இஷ்டம். அப்பாவோட டாலிங்க, ரிவெட் தலைக்கு வடிவம் குடுக்கற ஸ்னாப் செட்டு, அந்த கை ட்ரில், இது மூணையும் மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க அண்ணா. இங்க டங்ஸ்டன்ல டாலி வச்சிருக்காங்க, சின்னதா இருக்கும், கனம் ஜாஸ்தி, ஆனா மூலைக்குள்ள போறதுக்கு அப்பாவே தேச்சு வளைச்சு வச்சிருக்காரே அந்த மாதிரி ஒண்ணு இங்க இல்ல. பெரியவருக்கு அதோட படத்த வரஞ்சு காட்டுனேன், அதே மாதிரி ஒண்ணு தேச்சுக்கறேங்கறார், அப்பாகிட்ட அளவு கேட்டு எழுதுங்க.

அப்பா காதுக்கு மெஷின் வாங்கறத தள்ளிப் போடாதீங்க. இந்த மாசம் அனுப்பினது கொஞ்சம் கம்மியா இருக்கும், அடுத்த மாசம் சேத்து அனுப்பறேன், அதுவரைக்கும் சீட்டுப் பணத்துல எடுத்து சமாளிங்க. தங்கச்சி வரன் விஷயத்துல ஜாதகம் பொருந்துதுன்னு மட்டும் பாக்காம, பையன் வேலை செய்யற எடத்துல சித்தப்பாவ விட்டு ஒரு தடவ நேர்ல விசாரிக்கச் சொல்லுங்க, அவளையும் தனியா கேளுங்க, நீங்க வேணாம், அண்ணி கேக்கட்டும். அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு ஜெராக்ஸ் எனக்கு வாட்ஸ்அப்ல போடுங்க, ரெண்டு பக்கமும் தெளிவா தெரியற மாதிரி.

இப்படிக்கு,
உங்க தம்பி