லாரி வாடகையையும் விலைப்பட்டியலில் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஆறு சக்கர லாரி உண்டு. என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். லோடு பேசுவது, அட்வான்ஸ் வாங்குவது, பாக்கி கேட்டு போன் போடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்தக் கடிதம். அது ஏன் என்று புரிய, எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்தில் புதிதாக லாரி வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள், இங்கேயே பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார்கள். ஆனால் லோடு எடுத்துப் பழக்கம் இல்லை. அதுவரை முதலாளி சொன்ன ஊருக்குப் போனார்கள், வந்தார்கள். கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்கு ஃபைனான்ஸ் வாங்கி, வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றதும் டியூ தேதி மனதை அரிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் புரோக்கர் எந்த ஊரைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லத் தோன்றும். அதிலும் பெரிய தொகை சொல்லும் ஊர்தான் இழுக்கும்.

என் கொழுந்தன் முறையில் ஒரு பையன் சமீபத்தில் வண்டி எடுத்தான். "மைனி, சென்னைக்கு முப்பதாயிரம் சொல்றாங்க, பெரும்பாவூருக்குப் பதினாறுதான். சென்னைக்கே போயிரட்டுமா?" என்று கேட்டான். அவனுக்கு நோட்டில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் தருகிறேன். ரூபாய் கொஞ்சம் கூடும், குறையும். கணக்குப் போடும் முறை மாறாது.

நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போக வர 1,400. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 280 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் டீசலுக்கு மட்டும் 26,040. சுங்கச்சாவடிகளுக்கு 8,000 வையுங்கள். ஆக, திரும்பும் லோடு கிடைக்காவிட்டால் 30,000 வாடகை வாங்கிய வண்டி வீட்டுக்கு வருவதற்குள் கைக்காசு 4,040 போய்விடும். திரும்ப 24,000 ரூபாய்க்கு ஒரு லோடு கிடைக்கிறது, அதற்காக இரண்டு நாள் காத்துக் கிடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரவு 54,000. கமிஷன் இரண்டு பக்கமும் சேர்த்து 2,000. பேட்டா, சாப்பாடு, ஏற்றும் இடத்துச் செலவு 5,000. மிஞ்சுவது 12,960. போய் வர ஆறு நாள். நாளொன்றுக்கு 2,160.

கேரளத்தில் இருக்கும் பெரும்பாவூருக்கு இங்கிருந்து ரப்பர் தடி, அதாவது ரப்பர் மரத் துண்டுகள், போகிறது. அங்கே பிளைவுட் கம்பெனிகள் ஏராளம், அதனால் பிளைவுட் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வர வாய்ப்பு உண்டு. போக வர 600 கிலோமீட்டர் என்றால் 120 லிட்டர், 11,160 ரூபாய். அங்கே போகும் எம்.சி. ரோட்டில் சுங்கச்சாவடி இல்லை. போகும்போது 16,000, வரும்போது 9,000, ஆக 25,000. கமிஷன், பேட்டா, சாப்பாடு எல்லாம் 2,700. மிஞ்சுவது 11,140. மூன்று நாள் வேலை. நாளொன்றுக்கு 3,713.

அடுத்து, வண்டி சும்மா நின்றாலும் ஒரு செலவு இருக்கிறது. மாதம் 42,000 டியூ என்றால் நாளுக்கு 1,400. இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி., டயர் தேய்மானம் இவற்றுக்கு நாளுக்கு 700 ஒதுக்கினால் 2,100 ஆகிறது. சென்னைக் கணக்கில் 2,160 வந்ததல்லவா? நாளுக்கு அறுபது ரூபாய்க்காக ஆறு நாள் வீட்டை விட்டுப் போயிருப்பான். இதைக் கண்டதும் பையன் நோட்டை வாங்கி மறுபடியும் தானே கூட்டிப் பார்த்தான்.

சென்னை லோடே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகும் ஊரில் இரண்டு புக்கிங் ஆபீசுக்காவது முன்கூட்டியே போன் போட்டு, திரும்ப என்ன லோடு, எப்போது ஏற்றுவார்கள் என்று கேட்ட பிறகு இங்கே பேசி முடிக்க வேண்டும். காலி வண்டியாகத் திரும்புவது காசு நஷ்டம் மட்டுமில்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காலி லாரி ஓட்டியவரைக் கேளுங்கள், அந்தக் காற்று வண்டியை என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்.

எடை விஷயத்தில் என் வீட்டுக்காரர் கண்டிப்பானவர், எனக்கு அதில் நிம்மதி. 2018-இல் ஆறு சக்கர லாரிக்கு வண்டியோடு சேர்த்து மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்ந்தது. ஆனாலும் "இன்னும் மூணு டன் போட்டுக்கோங்க அண்ணே" என்று ஏற்றும் இடத்தில் சொல்வார்கள். டன்னுக்கு 1,300 வீதம் கூடுதலாகக் கிடைப்பது 3,900. பிடிபட்டால் அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூன்று டன்னுக்கு 26,000 ஆகிவிடும். கூடுதல் சரக்கையும் அங்கேயே இறக்க வேண்டும். ஜல்லி, எம்-சாண்ட் லோடு என்றால் அதைக் கொண்டு போக அனுமதி தரும் நடைச்சீட்டைக் கையில் வாங்கிப் படித்துப் பார்க்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது. சீட்டு இல்லாமல் மாட்டினால் வண்டியையே பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. டியூ கட்டுகிற வண்டி காவல் நிலைய வாசலில் நின்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வழியில் வண்டி பழுதாகி நாள் தப்பினால், முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ளலாம். புதியவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். என்ற வருமான வரியைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதும் அப்படித்தான். கேரளா போகும் லோடுக்கு இறக்குக்கூலி யார் பொறுப்பு என்பதை இங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றே கேட்கும் நோக்குகூலியை அந்த அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. இறக்கும் தொழிலாளிக்கு உரிய கூலி வேறு விஷயம், அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். யார் கொடுப்பது என்று பேசாமல் போனால் டிரைவர் தலையில்தான் விழும்.

எல்லாவற்றையும் விட என்னை வேதனைப்படுத்துவது பாக்கி. பெரும்பகுதியை அட்வான்ஸாகத் தருவார்கள். மீதி, சரக்கு இறங்கிக் கையெழுத்தான ரசீது போய்ச் சேர்ந்த பிறகு. ரசீதை அனுப்பினால் "வரலியே அக்கா" என்பார்கள். மறுபடியும் அனுப்பினால் கணக்குப்பிள்ளை லீவு. ஒரு ஏஜென்டிடம் எங்கள் பாக்கி ஒரு தீபாவளி தாண்டி வந்தது. அதிலும் சரக்கு நனைந்தது என்று சொல்லிப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். மழையே இல்லாத மாதம் அது. அதனால்தான் இப்போது சரக்கோடு போகும் லாரிச் சீட்டான பில்டியில் பாக்கித் தொகையும் தர வேண்டிய தேதியும் எழுதாமல் வண்டியை விடுவதில்லை. அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே தார்ப்பாய் கட்டுவோம். சில லோடு இதனால் கைவிட்டுப் போகும். போகட்டும்.

இப்போது என் வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ரப்பர் விலை வருகிறது, தோவாளைப் பூ விலை வருகிறது, தேங்காய் விலை வருகிறது. அதனால் விளைவிப்பவருக்கு வியாபாரியிடம் பேச ஒரு பிடி இருக்கிறது. லாரி வாடகை மட்டும் புரோக்கரின் போனுக்குள்ளேயே இருக்கிறது. சரக்கு அனுப்புபவர் எவ்வளவு கொடுத்தார், நமக்கு எவ்வளவு வந்தது என்று புதியவருக்குத் தெரிய வழியே இல்லை. வாரத்தில் ஒரு நாள், நாகர்கோவில், மார்த்தாண்டத்திலிருந்து சென்னை, கோவை, பெங்களூரு, தூத்துக்குடி, திருவனந்தபுரம், பெரும்பாவூர் ஆகிய ஊர்களுக்குப் போகும் வாடகையும், அங்கிருந்து திரும்பும் வாடகையும் ஆறு சக்கரம், பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று பிரித்துப் போடுங்கள். ஓணத்துக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றும் நாட்களில் கேரள வாடகை ஏறும்போது அதையும் குறிப்பிடுங்கள். ஒரு ஆபீஸ் சொல்வதை மட்டும் நம்பாமல் வண்டி உரிமையாளர்கள் சிலரையும் கேட்டு எழுதினால் சரியாக இருக்கும்.

விவரம் சேகரிக்க ஆள் தேவை என்றால் எங்கள் வண்டிக்குக் கிடைத்த வாடகையை வாரந்தோறும் எழுதி அனுப்ப நான் தயார். பக்கத்தில் வண்டி வைத்திருக்கும் இரண்டு குடும்பத்தாரும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்