எங்கள் கரைக்கு ஓர் அழுத்த அறை வேண்டும்

மருத்துவத் துறை, மீன்வளத் துறை அதிகாரிகளுக்கு, தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து வணக்கம்.

கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்குகுளித் தொழிலைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் கடலடிப் பாறைத் திட்டான எந்தப் பாரில், எத்தனை பாகம் ஆழத்தில், வள்ளத்திலிருந்து வரும் எந்தக் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மனுக்களும் வந்து சேர்ந்திருக்கும். அதனால், உயர்ந்த காற்றழுத்தத்தில் ஆளை வைத்துச் சிகிச்சை கொடுக்கும் அழுத்த அறை எங்களுக்கு ஏன் வேண்டும் என்று காட்ட, என் தம்பிக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பத்துப் பாகத் தண்ணீர், அதாவது சுமார் 18 மீட்டர். அந்த ஆழத்தில் உடம்பை அமுக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அமாவாசைக்கு மறுநாள் என்பதால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கடுமையாக இழுத்தது. மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடமாவது நின்று வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நிற்கப் பிடிமானம் வேண்டுமே! நங்கூரம் தரையில் பிடிக்காமல் அரைத்து வள்ளம் ஒரு பக்கம் போக, நீவாடு அவனை இன்னொரு பக்கம் தள்ள, குழாய் விறைத்து வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டான்.

வள்ளத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தோள் வலித்தது. அப்புறம் கால் மரத்தது. அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்காமல் குமிழியாகித் தண்டுவடத்தில் சிக்கியிருந்தது. "திரும்பத் தண்ணியில இறக்குங்கலே" என்றார் வள்ளத்தில் இருந்த ஒரு பெரியவர். எங்களிடம் காலங்காலமாக இருக்கிற வைத்தியம் இதுதான். ஆழத்துக்குப் போனால் குமிழி சுருங்கும், வலி அடங்கும், மெதுவாக மேலே வரலாம் என்ற கணக்கு.

இந்தக் கணக்கில் உண்மை இருக்கிறது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவனை, அவனை அடித்துப்போட்ட அதே நீவாட்டுக்குள், அதே குழாயோடு மறுபடி இறக்குகிறோம். சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கீழே இருக்க இருக்க நைட்ரஜன் இன்னும் ஏறும். கயிற்றைப் பிடித்திருப்பவன் கை தளர்ந்தால் ஆள் கிடைக்க மாட்டான். இதெல்லாம் தெரிந்தும் இறக்கினார்கள், வேறு வழி இல்லை என்பதால். இந்தக் கொடுமையைத்தான் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் ஐயா. மருத்துவமனையில் செய்ய வேண்டிய சிகிச்சையை எங்கள் ஆட்கள் கடலுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்கிறார்கள்.

அன்று வலி குறைந்தது, கால் திரும்பவில்லை. கரை சேர்ந்து ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அசதி என்று வலி ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். கடலுக்குள் இறங்கினாயா, எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்கவில்லை. இரவில் சிறுநீர் போகாமல் வயிறு வீங்கிய பிறகுதான் பெரிய டாக்டர் வந்தார். அழுத்த அறையில் வைத்துச் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், அது இங்கே இல்லை என்றார். கொச்சியில் கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அது 300 கிலோமீட்டருக்கு மேல். செங்கோட்டை வழியே மலை ஏறினால் காற்றழுத்தம் குறைந்து குமிழி பெரிதாகும் என்றும் சொன்னார்கள். அப்படியானால் எந்த வழியில் போவது? அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

இன்று அவன் கோல் ஊன்றி நடக்கிறான், சிறுநீருக்குக் குழாய் போட்டிருக்கிறது. தென்கடற்கரைக்கு ஓர் அழுத்த அறை வேண்டும், அதை இரவும் பகலும் இயக்க ஆள் வேண்டும். இதைத்தான் கேட்கிறோம்.

சங்குகுளிப்பவர்கள் கொஞ்சப் பேர்தானே, அவர்களுக்காக இவ்வளவு செலவா என்று தோன்றலாம். ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியதால் வரும் புண்ணுக்கும், புகை மூட்டத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கும் அதே அறைதான் சிகிச்சை. நெல்லைச் சீமையில் சர்க்கரைப் புண்ணால் காலை இழந்தவர் இல்லாத தெரு உண்டா? அந்த அறை ஒருநாளும் சும்மா கிடக்காது.

இந்தக் கரை எதைத்தான் கொடுக்கவில்லை? துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இடம் கொடுத்தது, கூடங்குளத்தில் அணு உலைக்குக் கொடுத்தது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. விண்ணுக்கு அனுப்புவதற்குக் கிடைக்கிற பணத்தில் ஒரு துளி, பத்துப் பாகத்திலிருந்து வருகிறவனை உயிரோடு கரை சேர்க்கக் கிடைக்காதா என்று கேட்கிறேன். கோபம்தான், மன்னியுங்கள். தம்பியின் கால் அது.

அறை வரும்வரை செய்யக்கூடியவையும் உண்டு. திரேஸ்புரத்தில் வள்ளம் ஒதுங்கும் இடத்தில் ஆக்சிஜன் சிலிண்டரும் முகமூடியும் வையுங்கள். ஏறியவுடன் கொடுக்கும் சுத்தமான ஆக்சிஜன்தான் இதற்கு முதலுதவி. கடலோர மருத்துவமனைகளில் இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர்களுக்கு, கை கால் மரத்து வருகிறவனிடம் "கடலில் இறங்கினாயா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கேள்விக்குச் செலவே இல்லை.

அழுத்த அறை வேண்டும் என்ற கோரிக்கையைத் தயவுசெய்து இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். இடம், ஆள், செலவு பற்றிப் பேச எங்கள் பெரியவர்கள் எந்த நாளில் கூப்பிட்டாலும் வருவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மட்டும் தொழுகை முடிந்த பிறகு நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சங்குகுளிக்கிற ஒருவனின் அண்ணன்,
திரேஸ்புரம்