நாடியையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பக்கவாதம் என்றாலே நாலரை மணி நேரக் கணக்குதான். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அதற்குள் போட்டாக வேண்டும், எல்லாம் சரி. அதற்கு முந்தைய ஐந்து பத்து வருடங்களைப் பற்றித்தான் யாரும் பேசக் காணோம்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். இடது மேலறையில் ஒட்டியிருக்கும் சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. ஆனால் பலருக்குப் படபடப்புகூட இருக்காது.

கண்டுபிடிக்க மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுத்து உறுதி செய்யலாம். விட்டு விட்டு வரும் வகை இதில் தப்பிவிடும் என்பது உண்மைதான். அதற்காக எல்லோருக்கும் கருவி பொருத்திக் கண்காணித்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. டென்மார்க்கில் 2021இல் வெளியான ஆய்வில் தோலுக்கடியில் கருவி வைத்துப் பார்த்தார்கள், மூன்று மடங்கு பேருக்குக் கோளாறு தெரிந்தது, பக்கவாதம் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆகவே 65 வயது தாண்டியவர் முழங்கால் வலிக்கு வந்தாலும் நாடியைப் பார்த்துவிடுவதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

அப்புறம் மருந்து. கோளாறு தெரிந்த பிறகும் ரத்தக்கசிவுக்குப் பயந்து ஆஸ்பிரினோடு நிறுத்திவிடுவது இன்னும் நடக்கிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும், ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான், ரத்தக்கசிவோ அதிலும் உண்டு! வார்ஃபரினுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டிய தொல்லை இருக்கிறது, அபிக்ஸாபன் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அது இல்லை. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு ரொம்பக் குறுகிப்போனவர்களுக்கும் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் மட்டும் இன்றும் வார்ஃபரின்தான்.

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வேலை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. அழுத்தத்தைக் குறித்து வைக்கும் அதே அட்டையில் ‘நாடி சீராக உள்ளதா’ என்று இன்னொரு கட்டம் சேர்க்கலாமே என்பதுதான் சுகாதாரத் துறையில் இருப்பவர்களிடம் என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்