அம்மம்மாவையும் கிளினிக்குக்கு அழையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற மாதம் என் பேரனுக்கு ஆறாம் மாதத் தடுப்பூசி போடுவதற்காக மகளுடன் கிளினிக்குக்குச் சென்றிருந்தேன். நாங்கள் காத்திருந்த முக்கால் மணித்தியாலத்தில், அங்கிருந்த கைக்குழந்தைகளில் பலரின் முகத்துக்கு நேரே யாராவது ஒரு கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அழுகின்ற பிள்ளையோடு வரிசையில் நிற்பதன் தவிப்பு எனக்கும் தெரியும் என்பதால் அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பேரனின் நிறையைப் பார்த்துப் பதிவேட்டில் புள்ளியிட்டு, ஊசியும் போட்டு எங்களை அனுப்பிய அந்த வேளையில், இந்தப் பிள்ளையோடு வீட்டில் எப்படி விளையாடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொழும்பில் வேலைக்குச் செல்லும் தாய்மார் 84 வேலை நாட்கள் கொண்ட பிரசவ விடுமுறை முடிந்ததும் அலுவலகம் திரும்பிவிடுகிறார்கள். அதன்பின் பகற்பொழுது முழுவதும் பிள்ளை இருப்பது பெரும்பாலும் அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முற்றமில்லாத தொடர்மாடி வீடுகளில் தனியாகப் பிள்ளை பார்க்கும் எங்களுக்குப் பசியாற்றவும் குளிப்பாட்டவும் ஏணையில் ஆட்டவும் தெரியும். விளையாட்டும் பிள்ளைக்கு உணவைப்போல் அவசியமானது என்பதை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரையான தூரமே. பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடைப்பட்ட தூரமும் ஏறத்தாழ அதுதான். ஆகவே முதல் மாதங்களில் பிள்ளைக்கு வாய்க்கும் மிகச் சிறந்த விளையாட்டுப் பொருள் அதை ஏந்தியிருப்பவரின் முகம். மெல்ல இடமும் வலமும் அசைந்தால் பிள்ளையின் கண் தொடரும். அது 'ங்' என்றால் நாமும் 'ங்' என்று சொல்லிக் காத்திருந்தால் அது மறுமொழி கூறும். தாயின் குரலைக் கருவிலேயே கேட்டுப் பழகி வந்த செவிக்கு, நாள் முழுதும் ஓடும் தொலைக்காட்சியின் இரைச்சல் அந்தக் குரலுக்கு ஈடாகாது. ஒரு வயது நிறையாத பிள்ளைகளுக்குத் திரை காட்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது.

அதே வழிகாட்டல், தவழத் தொடங்காத பிள்ளையை விழித்திருக்கும்போது நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது, சிறிது சிறிதாகப் பிரித்து, குப்புறக் கிடத்தி விளையாட விடும்படியும் சொல்கிறது. இது நமக்குப் புதிதன்று. இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டித் தலைநிமிர்ந்து ஆடும் பிள்ளையைப் பிள்ளைத்தமிழ் ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவமாக வைத்துப் பாடியது; கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தது. ஆயினும் குப்புறக் கிடத்தும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்காகத்தான்.

இப்போது ஏழு மாதமாகும் என் பேரனைச் சென்ற வாரம் சமையலறை வாசலில் பாயில் இருத்தி, முன்னால் ஒரு சிறு சில்வர் பேணியை வைத்தேன். தொட்டவன் அதன் குளிர்ச்சியில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மறுபடி தொட்டு, இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பை வாயில் வைத்துச் சப்பினான். அது நழுவிச் சீமெந்துத் தரையில் கணீரென்று விழுந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்த பிறகே அவனும் சிரித்தான். பிறகு வேண்டுமென்றே போட்டான். கண், தோல், வாய், செவி அனைத்துக்கும் அந்த ஒரு பேணி வேலை கொடுத்தது. சற்று நேரத்தில் முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட்டான். போதும் என்று அவன் சொல்லும் விதம் அது, அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

இந்த வயதில் எதுவும் வாய்க்குத்தான் போகும். வாயும் நாவும் பிள்ளை பொருட்களை அறியும் வழி என்பதால் அதைத் தடுக்காமல், கொடுக்கும் பொருளைக் கழுவி, தொண்டையில் சிக்கக்கூடிய சிறு துண்டுகள் இல்லையென்று பார்த்துக் கொடுக்க வேண்டும். குறிப்பாக, புறக்கோட்டை நடைபாதையில் மலிவாக வாங்கும், பாட்டுப் பாடி மின்னும் பொம்மைகளில் பட்டன் பற்றரி இருந்தால், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பட்டன் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக எரித்துவிடக் கூடும்.

வாக்கரையும் சொல்லாமல் விட முடியாது. பிள்ளை தானே எழுந்து நின்று தள்ளிச் செல்லும் பழைய மர நடைவண்டியை நான் குறிப்பிடவில்லை. உள்ளே இருத்தி உருட்டவிடும் சக்கர இருக்கையைத்தான் சொல்கிறேன். கனடாவில் 2004 முதல் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டிருக்கிறது. இங்கோ அது பிறந்தநாள் பரிசாக வந்து சேருகிறது.

சுகாதார அதிகாரிகளிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. தடுப்பூசி நாளில், பகலில் பிள்ளையைப் பார்ப்பவர் யாரோ அவரையும் அழைத்து, அந்தந்த மாதத்துக்குரிய விளையாட்டு ஒன்றிரண்டைக் குடும்ப நல மாது பாயில் இருந்து ஐந்து நிமிடம் செய்து காட்டினால் போதும். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காத, பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடாத, கண்ணால் பொருளைத் தொடராத பிள்ளை இருந்தால் அதையும் முதலில் கவனிக்கப்போவது வீட்டில் விளையாடுபவர்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் மாத ஊசிக்கும் நான்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறேன்.

இங்ஙனம்,
ஓர் அம்மம்மா,
வெள்ளவத்தை, கொழும்பு 06.