கடல் கிடந்த காரைக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்களுக்கு

வணக்கம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பறவைகள் வரும் கரைவெட்டி ஏரி, புதைபடிவங்கள் கிடக்கும் காரை, கல்லான மரம் இருக்கும் சாத்தனூர் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்கள். லால்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மூன்று இடமும் ஒன்றும் தொலைவில்லை. ஆனாலும் பள்ளிச் சுற்றுலா என்றால் சறுக்குமரமும் செயற்கை அலையும் இருக்கும் பூங்காதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். "வெறும் மண்ணைப் பாக்கவா பஸ் பிடிச்சுப் போறீங்க?" என்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. அதன் பிறகும் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பெற்றோர் அத்தனை பேருக்கும் முதல் வணக்கம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே யார் பெயரும் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

கையெழுத்து தானாக வரவில்லை. பெண் பிள்ளைகளை அனுப்பச் சில வீடுகளில் தயங்கினார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் சாயங்காலம் சாயங்காலமாக அந்த வீடுகளுக்கு நடந்தார். "நானும் கூடப் போறேன், எம் பொண்ணு மாதிரி பாத்துக்குறேன்" என்று சொன்னார், சொன்னபடி வந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் அன்றைய கூலி போனது. அதைக் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட பயணத்துக்குப் பெரிய தடை பணம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கழிப்பறை. காரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மண்ணும் சாம்பல் மண்ணுமாக அரித்துக் கிடக்கும் மேடு பள்ளம்தான். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இதை முன்கூட்டியே யோசித்துத்தான் பிள்ளைகளுக்கு முன்னால் நாங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். அங்கே ஊருக்குள் ஒரு பாட்டியின் வீட்டில் கேட்டோம். "இதுக்குப் போய் கேக்கணுமா, கதவு தெறந்துதான் கெடக்கும்" என்றார். அன்றைக்கு எங்கள் மாணவியர் அத்தனை பேரும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார்கள். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, பாட்டியின் மருமகள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். காரையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் எழுதுவதில்லை.

அடுத்தது, ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஐயா. இந்தப் பயணத்தின் ஆசிரியர் அவர்தான், நாங்கள் கூட்டத்தை மேய்த்தவர்கள் அவ்வளவே. அவர் மைக் வேண்டாம் என்றார். விளக்கவுரையும் கிடையாது. கயிறும் முளைக்குச்சிகளும் எடுத்துவந்து தரையில் சின்னச் சின்னச் சதுரங்கள் கட்டினார். ஒரு சதுரத்துக்கு நாலு பேர். "அரை மணி நேரம் இதைவிட்டு வெளியே போகக்கூடாது. இங்க ஒரு காலத்துல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லப்போறதில்ல. நீங்க எனக்குச் சொல்லணும்." அவ்வளவுதான் பேசினார், பிறகு குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் பத்து நிமிடம் சலசலப்பு. அப்புறம் மெல்ல அடங்கியது. மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடிச் சில்லுபோல எதுவோ பளபளக்க, ஒரு பையன் நகத்தால் கீறிப் பார்த்தான், கோடு விழுந்தது. கல்லில் நகம் பதியுமா என்று அவனுக்கே சந்தேகம். ஐயா எழுந்து வந்து அது ஜிப்சம் என்றார். உடனே பக்கத்துச் சதுரத்திலிருந்து ஒருவன், "சிமெண்ட்ல கலப்பாங்க சார், இல்லன்னா சீக்கிரம் இறுகிடும்" என்றான். அவன் அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஐயா அவனை எழுப்பி நிற்கவைத்து மீதியையும் சொல்லச் சொன்னார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவன். கல்லங்குறிச்சிப் பக்கச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் மண்டிக் கிடப்பதைச் சொல்லிவிட்டு, "உங்கப்பா ஏத்திட்டுப் போறது கடல்ல வாழ்ந்ததுங்களோட ஓடு, தெரியுமா?" என்று ஐயா கேட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு சதுரத்தில் விரல் நீளத்துக்கு, நுனி கூராக, பழுப்பு நிறத்தில் ஒன்று கிடைத்தது. துப்பாக்கித் தோட்டா என்று சத்தியம் செய்தார்கள். ஏற்கெனவே உடைந்து கிடந்த ஒரு துண்டை ஐயா எடுத்து, உடைந்த முகத்தின் மேல் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். புழுதி கழன்றதும் நடுவிலிருந்து நாலாபுறமும் ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக வேறு கோடுகள். வளர வளரப் படிந்த வளையங்கள் அவை. பெலம்னைட் என்று பெயர். கணவாயின் தூரத்து உறவு. உடம்புக்குள் இருந்த கெட்டிப் பாகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டியே இந்த இனமும் போய்விட்டது. அரை மணி முடிவதற்குள் "இங்க கடல் இருந்துச்சு" என்று ஒரே நேரத்தில் மூன்று சதுரங்களிலிருந்து சத்தம் வந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த நிலம் பிரிந்து நம் கிழக்குக் கரை உருவான பின்னால், கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்து கிடந்தது என்பதை அதற்குப் பிறகுதான் ஐயா சொன்னார். பதிலைத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று வாத்தியார் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

எடுத்ததை வரைந்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. பஸ் ஏறும் முன் எல்லோரும் பையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். சக ஆசிரியர் ஒருவரின் சட்டைப் பையிலிருந்தும் ஒரு பெலம்னைட் விழுந்தது. யார் என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளைகள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

காலையில் கரைவெட்டியில் தொலைநோக்கியோடு காத்திருந்த திருச்சிக் கல்லூரி மாணவர்கள் இருவரையும், நுழைவாயிலில் எங்களுக்காக விடியும் முன்பே வந்துவிட்ட வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலரையும் மறக்க முடியாது. குட்டையான பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி எட்டவில்லை. காவலர் தன் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். வரித்தலை வாத்து என்ற பெயருக்கேற்பப் பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருப்பதை ஒவ்வொருவரும் தாங்களே எண்ணினார்கள். திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே வருகிற பறவை. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிறையும் நம்மூர் ஏரியில் அது மிதப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-இல் கரைவெட்டி சேர்ந்ததையும் அந்த மாணவர்கள்தான் சொன்னார்கள்.

சாத்தனூருக்குப் போகும்போது மதியம் தாண்டிவிட்டது, பிள்ளைகளும் களைத்துவிட்டார்கள். 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கும் மரத்தை வேலிக்கு வெளியே நின்று சுற்றிப் பார்த்தோம். 1940-இல் அதைக் கண்டறிந்த எம்.எஸ். கிருஷ்ணன் தஞ்சாவூர்ச் சீமைக்காரர், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் என்பதைக் கேட்டதும் கடைசி வரிசை கொஞ்சம் நிமிர்ந்தது.

முதல் நாள் சாயங்காலம், பேசிவைத்திருந்த பஸ்காரர் கல்யாண சவாரி கிடைத்ததென்று கையை விரித்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்குப் போன் போட்டதும் "காலைல அஞ்சு மணிக்கு வாசல்ல நிக்கும் சார்" என்ற ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி. அவர் வண்டியிலேயே படுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு மூன்று இடத்திலும் இறங்கி, சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்குக் கை காட்டி நின்றார். விடுமுறை நாளென்றும் பாராமல் விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிப் புளிசாதம் கட்டிக்கொடுத்த சத்துணவுக்கூட அக்காமாருக்கும், டீசல் செலவை ஏற்றுக்கொண்ட முன்னாள் மாணவர்களுக்கும், அனுமதிக் கடிதத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தலைமையாசிரியை அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

வசூலித்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் பள்ளி நூலகத்துக்குப் பறவைக் கையேடும் நாலைந்து உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் வாங்கியிருக்கிறோம். ரசீதுகள் தலைமையாசிரியை அறையில் உள்ளன; பணம் கொடுத்தவர்கள் எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம். பிள்ளைகள் வரைந்த படங்கள் வராந்தா சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. காரைப் பாட்டி வீட்டுக்கும் இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்